படத்தில் இடம்பெறாத பிள்ளை



சிறுவர் படப்புத்தகம் என்றதும், "இதுவும் ஒரு பேச்சுப் பொருளா?" எனச் சிலர் எண்ணக்கூடும். ஆகவே, ஒரு சிறுமியின் கேள்வியோடு தொடங்குகிறேன். நியூயோர்க் நகரிலே, பாலர் பாடசாலையொன்றில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, "ஏன் எப்பொழுதும் வெள்ளைப் பிள்ளைகளே வருகிறார்கள்?" என்று வினவினாள்.

நான்சி லாரிக் என்னும் அம்மையார் 1965ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதனைக் கூறுகிறார். 1962 முதல் 1964 வரை அமெரிக்கப் பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறுவர் நூல்களைப் பற்றி அவர் விசாரித்தார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மாத்திரமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை!

இந்தக் குறையை முன்னரே உணர்ந்தவர் எஸ்ரா ஜாக் கீற்ஸ் என்ற ஓவியர். போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதப் பெற்றோரின் மகன் அவர். 1940இல் சஞ்சிகையொன்றில் வந்த கறுப்பினச் சிறுவனின் படங்களை வெட்டியெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வைத்திருந்தார். பிறர் எழுதிய நூல்களுக்குச் சித்திரம் வரைந்தபோது, அத்தகைய சிறுவன் நாயகனாக வரும் கதை ஒன்றேனும் அவர் கைக்கு வரவில்லை. ஆகவே, தாமே எழுதினார். அதுவே 1962இல் வெளிவந்த 'பனி பெய்த நாள்'.

கதை மிக எளியது. பீற்றர் என்னும் சிறுவன் சிவப்பு உடை அணிந்து பனியில் நடக்கிறான். காலடித் தடம் பதித்து மகிழ்கிறான். பனியுருண்டையொன்றைச் சட்டைப்பையில் இட்டு வீடு திரும்புகிறான். அது கரைந்துபோனது கண்டு துயருறுகிறான். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, உபதேசமும் இல்லை. 1963இல் அந்நூலுக்குக் கால்டிகொட் பதக்கம் கிடைத்தது. நியூயோர்க் பொது நூலகத்தின் வரலாற்றிலேயே மிகுதியாக இரவல் பெறப்பட்ட நூல் அதுவே என்று 2020இல் அந்நூலகம் அறிவித்தது.

அன்பர்களே, "வேறுபட்டவனைப் பொறுத்துக்கொள்" என்று போதிக்கும்போதே அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். கீற்ஸ் அவ்வாறு செய்யவில்லை. அவனை நடுவீட்டில் விளையாடவிட்டார். கறுப்பினப் பிள்ளை அங்கே தன்னைக் கண்டது. மற்றப் பிள்ளைகளோ பீற்றரோடு சேர்ந்து பனியில் நடந்தன.

நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கும்போது, படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் பாருங்கள். ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, வேற்றுமதத்துப் பிள்ளை ஆகியோரும் இரங்கத்தக்கவராக அன்றி, விளையாடிச் சிரிப்பவராக அங்கே வரட்டும். அந்தச் சிறுமியின் கேள்வியை நம்மிடையே எந்தப் பிள்ளையும் கேட்க நேராதிருப்பதாக.