சுருக்கமும் தெளிவும்



கணினிக்கு நிரல் எழுதுவோர் பயிலும் மொழிகளுள் 'கோ' என்பதும் ஒன்று. கூகுள் நிறுவனத்தார் அதனை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கோப்பொன்றைத் திறத்தல் போன்று தவறக்கூடிய செயல் ஒவ்வொன்றையும் அடுத்து, 'பிழை நேர்ந்ததா?' என வினவி, நேர்ந்திருப்பின் ஆவன செய்ய மூன்று வரிகள் எழுதுதல் அம்மொழியின் வழக்கம். பக்கந்தோறும் இவ்வரிகளையே கண்டு பலர் சலிப்புற்றனர்.

அச்சலிப்பைப் போக்க 2018இல் 'செக்' என்னும் சொல்லும், 2019இல் 'ட்ரை' என்பதும், பின்னர் ரஸ்ட் மொழியில் உள்ளது போன்ற வினாக்குறியும் முன்மொழியப்பட்டன. மூன்று வரிகள் ஒரு சொல்லாய், ஒரு குறியாய்ச் சுருங்கும், நன்மைதான். ஆயினும், பிழை நேர்ந்தவுடன் நிரற்கூறு இடையிலேயே முடிந்துவிடும் என்பதை, வரியின் நடுவே நிற்கும் சிறு சொல் கண்ணுக்கு மறைத்துவிடக்கூடும். 'இன்ன கோப்பைத் திறக்கையில் தவறியது' என்று பிழைதோறும் விளக்கம் சேர்க்கும் பழக்கமும் அருகிவிடும். நள்ளிரவிற் பழுது தேடுவோருக்கு அவ்விளக்கமே வழிகாட்டி.

எவ்வழிக்கும் பரந்த உடன்பாடு கிட்டாமையால், 2025 ஜூன் மாதத்தில், இத்தகைய மாற்றங்களை இப்போதைக்கு நாடுவதில்லை என மொழியைப் பேணுவோர் அறிவித்தனர். அது தக்க முடிவே என்பது என் கருத்து. நிரலை எழுதுவது ஒருமுறை, படிப்பதோ பன்முறை. எழுதுவோரின் சலிப்பினும் படிப்போரின் தெளிவே பெரிது.