களிமண்ணோடு நான்கு ஆண்டுகள்

அலுமினியப் பாத்திரத்துக்கும் ஓவியக் கல்லூரிக்கும் என்ன தொடர்பு? 1898-இல் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்து பார்க்கும் முயற்சியைத் தொடங்கிய இடம் சென்னை ஓவியப் பள்ளி. இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்பது அதே நிறுவனம்தான்.

அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கிய பள்ளி அது. சில ஆண்டுகளிலேயே அரசின் கைக்குப் போனது. கோடு வரைவதோடு மண்பாண்டமும் செதுக்கு வேலையும் அங்கே கற்றுத் தரப்பட்டன. ஆக, "இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று இன்றைய பெற்றோர் கேட்கும் கேள்வி, பள்ளி பிறக்கும்போதே கூடப் பிறந்தது. வெட்கப்பட வேண்டிய கேள்வியும் இல்லை.

ஆனால் அந்தக் கேள்வியோடு மட்டும் உள்ளே போகிறவருக்கு, கவின்கலை இளங்கலைப் பட்டம் என்ற நான்காண்டுப் படிப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது கண்ணில் படாது.

சிற்ப வகுப்பையே எடுத்துக்கொள்ளலாம். சுடுமண்ணில் ஒரு தலை செய்யச் சொல்கிறார்கள். மாணவர் மூக்கையும் உதட்டையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். உள்ளே மண்ணைக் குடைந்தெடுக்க மறந்துவிடுகிறார். அல்லது ஒரு பக்கம் தடிமனாக, மறுபக்கம் மெல்லியதாக விட்டுவிடுகிறார். ஈரம் முழுக்கக் காயாமல் அது சூளைக்குப் போகிறது. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகித் தலையைச் சிதறடிக்கிறது, சில வேளை பக்கத்தில் இருந்தவர் வேலையையும் சேர்த்து. அந்தச் சில்லுகளைப் பொறுக்கும்போது கிடைக்கும் பாடத்தை எந்தக் குறிப்பேடும் தராது. அச்சுக்கலைப் பிரிவில் வேறொரு பொறுமை. கல்லச்சில் எண்ணெய்ப் பசை மையை ஏற்கும், ஈரமான இடம் மையைத் தள்ளும்; இந்த ஒரே விதியில்தான் முழுப்படமும் நிற்கிறது. விதியைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். கை அதற்குப் பழக மாதங்கள் ஆகும்.

ஆசிரியர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "கழுத்து எங்கே தோளில் சேருதுன்னு பாரு" என்று சொல்லிவிட்டு நகர்கிறாரே, பட்டத்தின் சாரம் அதில்தான் இருக்கிறது. (எழுத்துத் தேர்வுத் தாளில் அல்ல. கலை வரலாறு வேண்டாம் என்பதில்லை. அதை மனப்பாடமாக்கியதுதான் குறை.) கற்றுத் தருபவரும் செய்கிறவராக இருந்தால் இந்தத் திருத்தத்துக்குத் தனி வலு. கல்லூரியின் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். 

சோற்றுக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1957-இல் கல்லூரியின் முதல்வரானவர். படித்து வெளியேறும் திறமைசாலிகள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைப்பதை அவர் கண்டார். அவரும் மாணவர்களும் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலமாயிற்று. 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. ஓவியத்தை விற்றுத்தான் ஓவியர் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே அவர்கள் தளர்த்திவிட்டார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியம் தன் வழியில் போனது. நம் கலை வரலாற்றில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கணக்கு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லோரும் ஈஞ்சம்பாக்கம் போகவில்லை. கல்லூரியில் பயின்ற சிவகுமார் நடிகரானார். கோயில்களின் முன் அமர்ந்து அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன. தோட்டா தரணி திரைக்குப் போனார். 'நாயகன்' படத்தின் கலை இயக்கத்துக்குத் தேசிய விருது பெற்றார். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் தமிழ்ச் சிற்றிதழ்களின் முகமாகவே ஆயின. ஒரே கூடத்தில் வரைந்து பழகிய கைகள் இவை.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க யோசிக்கும் பெற்றோர், விண்ணப்பத்துக்கு முன் ஒரு நாள் கல்லூரிக் கூடத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சூளை எரிகிறதா, அச்சு இயந்திரம் ஓடுகிறதா, மாலையிலும் கூடம் திறந்திருக்கிறதா, ஆசிரியர் கையில் மண் ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றி அதன் பிறகு கேட்கலாம்.