கைத்திறனே காப்பு



தன்னைத் தான் காத்துக்கொள்ள அறியாதவன் தன் மொழியையும் மண்ணையும் காப்பான் என்பது, நீந்த அறியாதவன் பிறரைக் கரையேற்றுவான் என்பதைப் போன்றதாகும். தற்சார்பு என்பது மேடையில் முழங்குவதற்குரிய சொல் அன்று. அஃது உடலில் ஊறவேண்டிய பழக்கம். கையில் ஏறவேண்டிய திறம். அத்திறம் சேலம், நாமக்கல் சமவெளியில் எவ்வாறு இருந்தது, எவ்வாறு தேய்ந்தது, எவ்வாறு மீட்கப்பட வேண்டும் என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

கிணறு என்னும் பள்ளி

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்நிலம் பெரும்பகுதி வானம் பார்த்த நிலம். இங்கு உழவர்கள் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினர். எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்தனர். அக்கிணறு வயலுக்கு நீர் தந்ததோடு அமையாமல், ஊர்ச் சிறுவர்க்கு நீச்சல் பள்ளியாகவும் விளங்கிற்று. இடுப்பில் கயிறும் முதுகில் சுரைக்குடுக்கையும் கட்டிச் சிறுவனை நீரில் இறக்குவர். தாய்மாமனோ அண்ணனோ படியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வார். சில நாள்களில் குடுக்கை கழலும். பின்னர்க் கயிறும் கழலும். கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஆனால் வாழ்நாள் முழுதும் மறவாத கல்வி கிடைத்தது. பெண்மக்களில் பலர்க்கு இப்பள்ளியின் கதவு திறக்கப்படாமற் போனதொன்றே அதன் பெருங்குறை.

பின்னர் எண்ணெய்ப் பொறியும் மின்பொறியும் வந்தன. அவற்றின்பின் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. இந்தியா முழுவதும் சென்று நிலத்தைத் துளைக்கும் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. உழைப்பால் வந்த பெருமையே அது. எனினும் நிலத்தடி நீர் கீழே கீழே இறங்க, திறந்த கிணறுகள் பல வறண்டன; சில குப்பைக்குழிகளாயின. கவலை நின்றபோது வடக்கயிறு, வால்கயிறு என்னும் சொற்களும் வீட்டுப் பேச்சிலிருந்து நீங்கின. தொழில் அழிந்தால் சொல் அழியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆனால் இழப்பு சொல்லோடு நிற்கவில்லை. உயிர்மேலும் வந்து விடிந்தது.

நீந்தாத தலைமுறையும் பெருகும் காவிரியும்

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பி மிகைநீர் திறக்கப்படுங்கால், கீழேயுள்ள குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய நெசவாளர் ஊர்களின் கரையோர வீடுகளில் நீர் புகும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நொடிக்கு ஒரு நூறாயிரம் கன அடிக்கும் மேலாக நீர் பெருகிவர, மக்கள் மேட்டுப் பகுதிகளுக்கு அகற்றப்பட்டனர். அதே ஆடித் திங்களில்தான் பதினெட்டாம் பெருக்கிற்காகக் குடும்பம் குடும்பமாக மக்கள் ஆற்றில் இறங்குகின்றனர். ஆறு பெருகும் காலமும் மக்கள் இறங்கும் காலமும் ஒன்றாயிருக்க, நீச்சல் அறிந்தோர் தொகை மட்டும் குறைந்து வருகின்றது.

2021-இல் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கணக்கிட்டுள்ளது. அடிப்படை நீச்சலைக் கற்பித்தலும், கரையிலிருந்தே மீட்கும் முறையைக் கற்பித்தலும் இச்சாவுகளைத் தடுக்கும் வழிகள் என்று அவ்வமைப்பு கூறுகின்றது. நம்மவர் கிணற்றுப் படியில் இலவயமாய்ச் செய்துவந்ததும் இதுவே.

மூழ்குபவரைக் கண்டதும் பாய்ந்து குதிப்பது மறம் அன்று. அச்சத்தால் தவிப்பவர் காப்பவரையும் பற்றி இழுப்பார். ஓருயிர்க்கு ஈருயிர் போகும். கோலை நீட்டுக, வேட்டியையோ சேலையையோ முறுக்கி வீசுக, வாய் மூடிய வெறுங்குடத்தையோ நெகிழிக் குடுவையையோ கயிற்றில் கட்டி எறிக. கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் காலத்தை வீணாக்கும் தவறான முறைகள். மூச்சில்லையேல் மல்லாக்கக் கிடத்தி, முதலில் வாய்வழி மூச்சூட்டுக. பின்னர் நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சூட்டுக. இதனை இடைவிடாது தொடர்க. அதே வேளையில் ஒருவர் 108-ஐ அழைத்தல் வேண்டும். இவற்றை அறிய ஒரு மாலைப்பொழுது போதும். அறியாதிருந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வே போகும்.

சரக்குந்து கற்பிக்கும் பாடம்

இடர்க்காலப் பைகளும் கருவிகளும் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. பொருளை வாங்கிவிட்டால் திறமும் உடன்வரும் என்று எண்ணுவோர் பலர். உண்மையான பாடத்தை நாமக்கல் சரக்குந்து ஓட்டுநரிடம் கற்கலாம். வண்டியில் அடுப்பு, அரிசி, நீர்க்குடம், தார்ப்பாய், கயிறு, சக்கரம் மாற்றும் கருவி ஆகியன இருக்கும். ஆளில்லாச் சாலையில் வண்டி நின்றால் அவரே பழுது நீக்குவார். அவரே சமைத்து உண்பார். மழை வருமுன் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார். அவர் போடும் கட்டு ஆயிரம் கல் தொலைவு குலுங்கினாலும் அவிழாது. அவர் கை பட்டால் ஒரே இழுப்பில் அவிழும். பையின் விலையில் இல்லை காப்பு. கட்டும் கையில் இருக்கின்றது.

அவ்வாறே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை அணியமாய் இருத்தல் வேண்டும். 15 மீட்டர் உறுதியான கயிறு, கத்தி, ஊதல், கைவிளக்கும் மாற்று மின்கலமும், ஈரம் புகாமல் பொதிந்த தீப்பெட்டி, நீர்க்குடுவை, தூய வெள்ளைத்துணி, வழக்கமாக உண்ணும் மருந்துகள், அவல், வறுத்த கடலை, வெல்லம் ஆகியன போதும். இவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே உள்ளவை. திங்களுக்கொருமுறை பையைத் திறந்து பார்த்துப் பழையன நீக்கிப் புதியன இடுக. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது ஆண்டுப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கொடுமையாய் வாட்டியது. ஒரு பருவம் பொய்த்தாலும் தாங்கும்படி குதிரில் தவசம் சேர்த்து வைத்த முன்னோரின் முன்னறிவே இன்றைய பைக்கும் அடிப்படையாகும்.

மலையும் தீயும்

சமவெளி இளைஞர் விடுமுறை நாள்களில் சேர்வராயன் மலைக்கும், எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைக்கும் செல்கின்றனர். வண்டியில் ஏறி இறங்குவது மலையறிவு ஆகாது. 2018 மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த போதைப்புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடுங்கால், மனிதக் கால்கள் அதனை வெல்லா. ஆகவே கோடையில் புல்மலை ஏறுதலைத் தவிர்த்தல், காட்டுத்துறையின் இசைவு பெறுதல், வழியறிந்த மலைமக்களைத் துணைக்கொள்ளுதல், திரும்பும் நேரத்தை வீட்டார்க்குச் சொல்லிச் செல்லுதல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. பாம்பு தீண்டினால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கேடு; தீண்டப்பட்ட உறுப்பை அசைக்காது மருத்துவமனைக்கு விரைதலே மருந்து.

உடலே முதற் கருவி

சங்ககிரிக் கோட்டையில் 1805-இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, கொங்குச் சிற்றூர்களின் இளைஞர்களைத் திரட்டியே வெள்ளையரை எதிர்த்தார். அவ்வுடல்கள் உழவிலும் சிலம்பத்திலும் உரமேறியவை. 2024-இல் தமிழ்நாட்டில் நடந்த இந்திய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது மகிழ்தற்குரியது. ஆயினும் பதக்கத்தோடு அதன் பயன் முடிவதில்லை. சிலம்பக் கோல் நீரின் ஆழம் பார்க்கும், புதரை விலக்கும், இரு கோல்களை இரண்டு சாக்குகளின் அடிமூலைகளில் துளையிட்டுச் செருகினால், அடிபட்டவரைச் சுமக்கும் தூளியாகும். நாள்தோறும் ஒரு மணிநேர நடையும், வாரத்தில் மூன்று நாள் கோற்பயிற்சியும் எவர்க்கும் இயல்வன.

செய்யவேண்டுவது

ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் ஒரு கடமையை மேற்கொள்ளல் வேண்டும். படியுள்ள நல்ல கிணறு ஒன்றை உரிமையாளரின் இசைவோடு தேர்ந்தெடுக்க. கைவிடப்பட்ட கிணற்றில் நச்சுக்காற்று இருக்கக்கூடுமாதலின் அதனை அறவே விலக்குக. நீந்தத் தெரிந்த பெரியோர் இருவர் எப்பொழுதும் உடனிருக்க, சித்திரை, வைகாசித் திங்கள்களில் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் ஒருங்கே நீச்சல் கற்பிக்க. கயிற்று முடிச்சு, மூச்சூட்டல், தூளி கட்டல் ஆகியவற்றை அக்கிணற்று மேட்டிலேயே பழக்குக. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு செயலுக்கும் உரிய தமிழ்ச்சொல்லைச் சொல்லிக்கொண்டே கற்பிக்க. கையோடு கற்ற சொல் எளிதில் மறவாது.

ஆடி வருமுன் ஊருக்கு இருபது சிறார் நீந்தக் கற்றுவிட்டால், அவ்வாண்டுக் காவிரிப் பெருக்கில் அழுகுரல் கேட்கும் வீடுகள் குறையும். இதற்கு அரசாணை வேண்டா, பெரும்பொருள் வேண்டா. ஒரு கிணறும், ஒரு கயிறும், அதனைப் பிடித்து நிற்க ஒரு பெரியவரும் போதும்.