வண்டியின் கீழே புகுமுன்



மோட்டார் வண்டி திருத்தும் வித்தை முழுவதையும் எடுத்துரைப்பது இன்று எமது நோக்கமன்று. அதற்கு ஒரு மாலைப்பொழுது போதாது. அதனைக் கற்பிக்கத் தொழில்நுட்பக் கல்லூரிகளும் உள. திருத்தச் சென்றவன் கைகால் சுகத்தோடு வீடு திரும்புவது எங்ஙனம் என்பது பற்றியே பேச விழைகிறோம்.

எமது மக்கள் வண்டியை எளிதிற் கைவிடாதவர்கள். 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1970களின் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனரை யாழ்ப்பாணத்தில் இன்றும் சிலர் ஓட்டி வருகின்றனர். 1990 இற்குப் பின் பெற்றோல் வராதிருந்த ஆண்டுகளில், எமது மெக்கானிக்குமார் சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் அவ்வண்டிகளை ஓடச் செய்தனர். அவர்களுடைய கைத்திறனுக்கு எவரும் குறை சொல்ல இயலாது. ஆனால் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கும் அந்தத் துணிவு, சமாளிக்க வேண்டாத இடத்திலும் பழக்கமாகிவிட்டது. நல்ல தாங்கி கடையிற் கிடைக்கும் காலத்திலும் இரண்டு சீமெந்துக்கல்லை அடுக்கி விட்டுக் கீழே புகுகிறோம்.

ஜக்கு வண்டியை உயர்த்துவதற்கு உண்டானது, தாங்குவதற்கன்று. எண்ணெய் ஜக்கின் உள்ளே இருக்கும் றப்பர் வளையம் தேய்ந்தால் அது சத்தமின்றித் தாழும். திருகு ஜக்கோ சிறிது அசைந்தாலே சாயும். மேலே இருப்பது ஏறக்குறைய முக்கால் தொன் இரும்பு. அதுவும் சிறிய வண்டியாயின்! சீமெந்துக்கல்லோ முன்னறிவித்தல் தந்து உடைவதில்லை. நன்றாய் நின்று திடீரென நொறுங்கும். இரும்புத் தாங்கி இல்லாதவர், காய்ந்த, அகன்ற மரக்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். கழற்றிய சில்லை வண்டியின் ஓரத்தின் கீழே படுக்க வைத்தால், யாவும் பிழைத்தாலும் ஓர் ஆள் நசியாத இடைவெளி மிஞ்சக்கூடும். பின்பு வெளியே நின்று வண்டியைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் கீழே புகக் கூடாது.

“கியரில் போட்டிருக்கிறதே!” என்பர் சிலர். பின்சில்லுகளால் ஓடும் பழைய வண்டியில் ஒரு பின்சில்லை உயர்த்தினால் கியர் பிடிப்பதில்லை. டிபரன்ஷல் என்னும் பற்சில்லுப் பெட்டியின் அமைப்பினால், நிலத்திலுள்ள சில்லு ஒரு திசையில் உருள, உயர்த்திய சில்லு மறுதிசையிற் சுழலும். கைப் பிறேக்கும் பெரும்பாலான வண்டிகளில் பின்சில்லுகளையே பற்றுகிறது. பின்பக்கம் முழுவதையும் தூக்கியபின் அதனாற் பயனில்லை. ஆகவே சமதரையில் நிறுத்தி, நிலத்திலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். புதுவண்டி வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்க மறவோம். முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைக்கவும் மறவோம். கட்டை வைக்க மட்டும் மறந்து விடுகிறோம்.

நட்டுகளைச் சில்லு நிலத்திலிருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். உயர்த்தியபின் பலங்கொண்டு முறுக்கினால் வண்டி ஜக்கிலிருந்து சரியலாம். பூட்டும்போது எதிரெதிராக முறுக்கி, 50 தொடக்கம் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சோதிப்பது நன்று.

பற்றறியைக் கழற்றுவதில் ‘மறை முனையை முதலிற் கழற்று’ என்று பலர் மனனம் செய்துள்ளனர். இக்கால வண்டிகளுக்கு அது சரியே. ஆனால் பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் வண்டியின் உடலோடு இணைந்திருப்பது நேர் முனை. எனவே எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறதோ அதனையே முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்ட வேண்டும். மாறிச் செய்தால், ஸ்பனர் வண்டியின் உடலிற் பட்ட கணமே குறுஞ்சுற்று உண்டாகும். 12 வோல்ற்று மின் உடம்பை அதிரச் செய்யாது. ஆயினும் விரலிலுள்ள மோதிரத்தைத் தணலாக்கிவிடும். சார்ச் ஏறும் பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். அவ்விடத்திற் சுருட்டுக்கு இடமில்லை, பெரியவர்கள் பொறுத்தருள்க.

சூடேறிய ரேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆகாது. மூடியின் அழுத்தத்தால் 100 பாகைக்கு மேலும் கொதியாதிருக்கும் நீர், திறந்த கணத்தில் ஆவியாய் முகத்திற் பாயும். அரைமணி நேரமேனும் ஆறவிட வேண்டும்.

பாகங்களைப் பெற்றோலிற் கழுவும் வழக்கத்தை நிறுத்தல் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகைக் குளிரிலும் பெற்றோல் எரியத்தக்க ஆவியை விடும். அவ்வாவி காற்றிலும் பாரமானது. கராச்சின் குழியில் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாது தேங்கி நிற்கும். மண்ணெண்ணெய் அத்தனை கொடிதன்று. எனினும் அதில் சிறிது பெற்றோல் கலந்திருந்தாலும் அதனை நம்ப இயலாது. வெறுந் தாங்கியை ஒட்டவைப்பது நிறைந்த தாங்கியை ஒட்டவைப்பதிலும் ஆபத்தானது. உள்ளே நிற்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. குழாயை வாயால் உறிஞ்சி எண்ணெய் எடுப்பவர் நெஞ்சுக்குள் அது இறங்கினால் நுரையீரல் கெடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூடிய கொட்டிலில் எஞ்சினை ஓடவிடுவதால் நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு நிறையும். தலையிடி வந்தபோதே வெளியே வந்துவிட வேண்டும். பழைய பிறேக்குப் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். தூசியை ஊதாது ஈரத்துணியாற் துடைத்தெடுக்க.

இனிப் பெரியோருக்கு ஒரு சொல். “கலியாண வீட்டுக்குப் போகவேணும், அந்தரம், கெதியாய் முடி தம்பி” என்று கராச் வாசலில் நிற்பவர் நாமே. தொழில் பழகும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை எம்மை மறுத்துப் பேசத் துணியான், முதலாளியையும் மறுக்கான். தாங்கி எடுத்துவரச் செல்லும் ஐந்து நிமிடத்தை அவன் எமக்காகத் தவிர்க்கிறான். அந்தப் பிள்ளை “தாங்கி வைக்காமல் கீழே போகமாட்டேன்” என்று சொன்னால் அதனை அடங்காமை என்று கொள்ளாதீர்கள். முதலாளிமாரும், அப்படிச் சொன்னவனின் நாட்கூலியில் கை வைக்கக் கூடாது.

எமது வீதிகளில் இப்போது ஓடும் ஹைபிரிட் வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். அவற்றிலுள்ள பெரிய பற்றறியின் மின்னழுத்தம் 200 வோல்ற்றுக்கு மேலும் இருக்கக்கூடும். செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் அதனையே கொண்டு செல்கின்றன. எஞ்சின் சத்தமின்றி நின்றாலும் வண்டி உறங்குவதாகக் கொள்ளலாகாது. அக்கம்பிகளைப் பயிற்சி பெற்றவரன்றி வேறெவரும் தொடக் கூடாது.

பேசியது போதும். மண்டபத்தின் பின்முற்றத்தில் ஒரு வண்டி நிற்கிறது. ஜக்கும் தாங்கிகளும் கட்டைகளும் கொண்டு வந்திருக்கிறோம். தம்பிமார் மோதிரங்களையும் கைக்கடிகாரங்களையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.