குறட்டை எல்லாம் நல்ல தூக்கம் இல்லை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



வீட்டில் யாராவது குறட்டை விட்டால், "பாவம், அலுப்பு. அசந்து தூங்குறாரு" என்று சொல்லிவிட்டு நாம் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம். எல்லாக் குறட்டையும் நோய் இல்லைதான். ஆனால் பலமான குறட்டை சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வாங்கினால், அதைச் சும்மா விடக் கூடாது.

தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகும் வழியை அடைத்துவிடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை உசுப்பிவிட்டதும் மூச்சு திரும்புகிறது. நோய் முற்றியவர்களுக்கு மணிக்கு 30 தடவைகூட இப்படி நடக்கும். காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் வைத்தியம் வருஷக்கணக்கில் தள்ளிப்போகிறது.

தள்ளிப்போனால் என்ன ஆகும்? இதயம் ராத்திரியெல்லாம் பாடுபடுகிறது. மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காமல் நிற்கலாம். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது. பகலில் தூக்கம் சொக்கும். லாரி, டிராக்டர் ஓட்டுகிறவர் ஒரு நொடி கண்ணசந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

இது ஆம்பிளைங்க நோய் மட்டும் இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் அதிகம் வருகிறது. அசதி, காலைத் தலைவலி என்று நாமே மூடி மறைத்துவிடுகிறோம். டான்சில் வீங்கிய பிள்ளைகளுக்கும் வரும். படிப்பில் கவனம் இல்லை என்று திட்டும் முன், பிள்ளை ராத்திரி எப்படித் தூங்குகிறது என்று பாருங்கள்.

பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி. அதனால் டாக்டரிடம் கூடவே போய்ப் பார்த்ததைச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பரிசோதிப்பார்கள். தேவைப்பட்டால், மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தமாகச் செலுத்தும் 'சிபாப்' கருவியைச் சொல்வார்கள். 1981-லேயே ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்த வைத்தியம் இது. உடல் எடை குறைத்தாலும், ஒருக்களித்துப் படுத்தாலும் பலருக்குக் குணம் தெரியும். சாராயமும், டாக்டரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் நோயைக் கூட்டிவிடும்.

ஒரு மாதத் தவணை தவறினாலே குழுவில் கூப்பிட்டுக் கேட்கிறோம். மூச்சு நிற்கிற விஷயத்தை வருஷக்கணக்கில் தள்ளிப்போடலாமா? இன்று ராத்திரியே கவனியுங்கள், சகோதரிகளே.