கேட்டறியும் உரிமை



 சௌத் பிரிட்ஜ் சாலையில் நீங்கள் இன்று காலை வணங்கிய மாரியம்மன் ஆலயம் 1827-ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை அவர்களால் நிறுவப்பெற்றது. பக்கத்திலுள்ள பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் அவ்வாலயத்தை ஒட்டியே பெயர் பெற்றன.

இங்கிருந்து சிறிது தூரத்தில், மேக்ஸ்வெல் சாலையில், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடம் உள்ளது. எந்த நிலத்தில் வீடு, எங்கே கடை, எங்கே சாலை என்பதைக் கூறும் பெருந்திட்டத்தின் வரைவு மாற்றப்படும்போது, அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். பார்த்தவர் ஆட்சேபமும் தெரிவிக்கலாம். ஆனால் இது நிலத் திட்டத்துக்கு மட்டும் உரியது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு குடிமக்களின் பேச்சுரிமையைக் கூறுகிறது. அரசாங்கத் தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை அதில் தனியாகக் கூறப்படவில்லை.

அவ்வுரிமை வேறிடங்களில் எவ்வாறு பிறந்தது? இக்கதை உங்களுக்கு எளிதில் விளங்கும். பெரட்டில் பெயர் கொடுத்து, செக்ரோலில் பதிந்த நாட்களுக்குத்தானே சம்பளம் பெறுகிறீர்கள்? இந்தியாவின் இராஜஸ்தானில், வறட்சி நிவாரண வேலை செய்த கிராமத்தாருக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. வேலையை அளந்தோம், குறைவாகவே செய்துள்ளீர்கள் என்றனர் அதிகாரிகள். அப்படியானால் அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றனர் தொழிலாளர். ஏடு இரகசியம் என்று விடை வந்தது! தாம் கைநாட்டு வைத்த ஏட்டைத் தாமே பார்க்கக் கூடாதாம்.

1990-இல் அமைந்த உழைப்பாளர் சங்கமொன்று இக்குறையைக் கையில் எடுத்தது. அதனை வழிநடத்தியவர்களுள் ஒருவர், சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து கிராமத்துக்குச் சென்ற அருணா ராய் அம்மையார். 1994 முதல் ஊர் ஊராகப் பொது விசாரணைகள் நடைபெற்றன. கிடைத்த ஏடுகளை மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தனர். இறந்தோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. கட்டாத கட்டடத்துக்குப் பட்டியல் இருந்தது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் மறியல் நடந்தது. தமிழ்நாடு 1997-இலேயே ஒரு சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். உயிரையோ விடுதலையையோ பற்றிய கேள்வியாயின் 48 மணி நேரத்துக்குள்.

இலங்கை ஒரு படி மேலே சென்றது. 2015-ஆம் ஆண்டின் 19-ஆவது திருத்தத்தால், 14அ என்னும் பிரிவாக, இவ்வுரிமை அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. 2016-இல் இயற்றிய சட்டம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தோட்டத்தார் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத இயலாதவர் வாயால் கூறினால், அலுவலரே அதனை எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தறியாத தாய்மாரை மறவாத இந்த ஏற்பாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலம் 2011-இல் தனிச் சட்டம் இயற்றியது. பினாங்கும் அவ்வழியே சென்றது. சிலாங்கூரில் எதற்காகக் கேட்கிறோம் என்பதைக் குறிப்பிட வேண்டும். இந்தியாவிலோ காரணம் கேட்கவே கூடாது. பின்னதே நல்லதென்பது எமது கருத்து.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இவை அரசாங்கத்தின் ஏடுகளைத் திறக்கும் சாவிகள்; தனியார் கம்பெனியின் செக்ரோலை நேரே திறக்க மாட்டா. அதற்குத் தொழிற்சங்கமும் தொழிலாளர் இலாகாவும் உள்ளன. நாட்டுப் பாதுகாப்பு, பிறருடைய அந்தரங்கம் போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். 'எங்கள் லயத்துக்கு ஏன் சாலை போடவில்லை?' என்று எழுதினால் சமாதானமே விடையாக வரக்கூடும். 'இச்சாலைக்கு இன்ன ஆண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? குத்தகைதாரர் யார்? வேலை முடிந்ததாகக் கையொப்பமிட்ட தாளின் நகல் வேண்டும்' என்று எழுதுங்கள். விண்ணப்பத்தின் படி ஒன்றையும், கொடுத்த தேதியுள்ள பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நாள் கடந்தால் மேல்முறையீட்டுக்கு அவைதாம் தேவைப்படும்.