லக்ஷ்மணின் காகங்கள்

மேட்டூரிலிருந்து மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையில் பாலாறு என்றோர் எல்லைச் சிற்றூர் உண்டு. அதுவரை தமிழில் இருக்கும் பெயர்ப்பலகைகள் அதற்கப்பால் கன்னடமாகிவிடுகின்றன. அப்பால் உள்ள கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. குடிகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைதான் நகர்ந்தது. 'நான் எவ்விடத்தான்?' என்பது அங்கே ஏட்டுவினா அன்று.

அவ்வினாவுக்குப் பென்சிலால் விடை தேடியவராக எனக்குத் தோன்றுபவர் ஆர். கே. லக்ஷ்மண். 1921இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், பிற்காலத்தில் தொழிலுக்கு ஆங்கிலம். தமையனார் ஆர். கே. நாராயணின் கதைகளுக்கு 'ஹிந்து'வில் படம் வரைந்த அதே கை, 'கொரவஞ்சி' என்னும் கன்னட நகைச்சுவை ஏட்டுக்கும் வரைந்தது.

பள்ளியில் அவர் வரைந்த அரசிலையை ஆசிரியர் பாராட்டினாராம். அன்று முதல் தம்மை ஓர் ஓவியனாகவே அவர் எண்ணிக்கொண்டார். சன்னலுக்கு வெளியே கண்டவற்றையெல்லாம் வரைந்தார்: உலர்ந்த சுள்ளி, சருகு, ஓணான், விறகு பிளக்கும் வேலையாள், எதிர்வீட்டுக் கூரைமேல் காகங்கள். காகத்தின் மீது அவருக்கிருந்த பற்று முதுமையிலும் தணியவில்லை. காக ஓவியங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார். மயிலையோ அன்னத்தையோ அவர் நாடாததில் எனக்கு வியப்பில்லை. எந்த ஊரிலும் அழையாமல் வந்து உரிமையோடு அமர்வது காகம் ஒன்றுதானே!

பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளி அவருடைய விண்ணப்பத்தை ஏற்கவில்லை. போதிய திறமை இல்லை என்பது காரணம். பின்னர் அதே பம்பாயில், 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் 1947 முதல் பல்லாண்டுகள் வரைந்தார்.

அங்கேதான் உண்மையான இக்கட்டு எழுந்தது. இந்தியக் குடிமகனை எவ்வாறு வரைவது? முதலில் வங்காளி, தமிழர், பஞ்சாபி என ஒவ்வொரு நாட்டாரையும் அவரவர் உடையில் படத்துக்குள் நிறுத்தினார். நாள்தோறும் குறித்த வேளையில் படம் தரவேண்டிய நெருக்கடியில் கூட்டம் சிறிது சிறிதாகக் குறைந்தது. இறுதியில் எஞ்சியவர் ஒருவரே: வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, வழுக்கைத் தலை, மீசை. அந்தச் சாமானியர் எந்த மாநிலத்தவர் என்று உறுதியாகக் கூற இயலாது. அவர் வாய் திறப்பதே இல்லை. திறந்திருந்தால் மொழி காட்டிக்கொடுத்திருக்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த மௌனத்தின் மேல் சற்றுப் பொறாமை உண்டு.